நாலு எண்ணுகிற சூடு

அக்கா அவன் என்கிற மின்சார அடுப்புக்குள் கையை விட்டு எண்ணினாள். "ஒரு கங்கு, ரெண்டு கங்கு, மூணு கங்கு..." ஒன்பதாவது கங்கில் கையை வெளியே எடுத்தாள். கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினாள்.

"செத்த நெருப்பு."

"அதுல நெருப்பே இல்லக்கா. கரண்ட்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அரை மணி நேரமாக நூற்றெண்பது டிகிரியில் காய்ந்துகொண்டிருந்த அவன் அது. அந்த அரை மணியில் அவள் கதவைத் திறந்தது பதினோராவது தடவை. எண்ணிக்கொண்டிருந்தேன். பார்சல் கிடங்கில் பார்த்த இரவு வேலையை விட்டு நின்ற பிறகு பகலில் எண்ணுவதற்கு எனக்கு வேறொன்றும் இல்லை. பதினோரு தடவை திறந்தால் எந்த அவனிலும் சூடு நிற்காது. ஒன்பது வரை அவளால் எண்ண முடிந்தது அதனால்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்களுக்கு நான்கு நாளைத் தின்றது.

அக்கா பன்னிரண்டு வருடம் ஒரு நில அளவைக் குழுவுக்குச் சமையற்காரியாக இருந்தாள். வருடத்தில் எட்டு மாதம் கூடாரம். பதினாலு பேருக்கு மூன்று வேளை, தரையில் குழி தோண்டி, விறகை எரித்து, எரிந்து முடிந்த கங்கை வாரிக்கொட்டிச் சமையல். தீ எரிகிறபோது சமைக்கிறவன் அவசரக்காரன் என்பாள். கங்கில்தான் சமைப்பாள். அதனால் குழுவில் அவள் பெயர் கங்கு. சின்னவர்களுக்குக் கங்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கே ஒரு நொடி ஆகும்.

சூட்டை அளக்க அவளிடம் ஒரே வழி. கங்குக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, இனித் தாங்காது என்கிறவரை எண்ண வேண்டும். ரெண்டு எண்ணினால் கோழி. நாலு எண்ணினால் ரொட்டி. ஏழு எண்ணினால் கிழங்கைப் புதைத்துவிட்டுப் போய்த் துணி துவைக்கலாம். குழுவில் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். வெயில் கொளுத்தினால் "இன்னைக்கு மூணு எண்ணும்போல" என்பார்கள். யாருக்காவது கோபம் வந்தால் "கிட்டப் போகாத, ரெண்டுல இருக்காரு."

போன பருவத்தின் கடைசியில், கூடாரத்துக்குத் தண்ணீர் தூக்கி வரும்போது அக்கா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மருத்துவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை வருடமாக சிகரெட் என்று கேட்டார். தொட்டதே இல்லை என்றாள். விறகு என்று சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டார். இன்னும் ஒரு பருவம் புகையில் உட்கார்ந்தால் அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார், நாளைக்கு மழை வரும் என்பதுபோல.

குழுவின் தலைமை அளவைக்காரர் அவளுக்காகப் பேசினார். தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சமையலறை இருக்கிறது. இருபத்தாறு பேருக்கு மதியச் சாப்பாடு. சமைக்க ஆள் இல்லை. அலுவலக மேலாளர் அம்மா யோசித்தார். "அங்க விறகும் கிடையாது, கேஸும் கிடையாது. அவன் மட்டுந்தான். காட்டுல சமைச்சவங்களுக்கு அது வருமா?" அதைப் பார்க்க ஒரு சோதனைச் சமையல் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடி கிளம்புவதற்காகக் குழு அலுவலகத்துக்கு வரும். வழக்கமாக அவர்களுக்கு அவள் சமைத்துப் போடுகிற அதே மூன்றை அவனில் சமைக்க வேண்டும்: இரும்புச் சட்டி ரொட்டி, சாம்பலில் சுட்ட கிழங்கு, கருக்கிய வெங்காயத்தோடு கோழி. நன்றாக இருந்தால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு.

"சரி வரலன்னா?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழம நானும் வண்டியில ஏறிருவேன்."

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"அவர வந்து ஒரு மாசம் இந்த வீட்ல சும்மா உக்காந்து பாக்கச் சொல்லு. மூச்சு முட்டி சாகறதுக்கு முன்னாடி சலிச்சுப்போய் செத்துருவாரு."

சொன்னால் செய்கிற பிறவி. பதினாறு வயதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள், போகவில்லை. முப்பதில் கல்யாணம் வேண்டாம் என்றாள், செய்துகொள்ளவில்லை. ஆகையால் எங்களுக்கு இருந்தது எட்டு நாள்.

எங்கள் வீட்டு அவன் அதுவரை பழைய வாணலிகளை அடைத்து வைக்கிற அலமாரியாக இருந்தது. காலி செய்து துடைத்தேன். அக்கா அதன் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள்.

"இவனுக்கு மூஞ்சியே இல்லையேடா. எதப் பாத்து சமைக்கிறது?"

"பாக்க வேணாம். திருகி விட்டா போதும்."

"நல்லா இருக்கு. கல்யாணமே வேணாம்னு இருந்தவள இந்த வயசுல ஒரு அவனோட குடும்பம் நடத்துன்றீங்க. அதுவும் பேசாத அவன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது உயர்திணை ஆகிவிட்டது. அவன் சூடாயிட்டானா, அவன் தூங்கறானா என்றுதான் பேச்சு.

முதல் நாள் வெங்காயத்தைத் தோலோடு கம்பித் தட்டில் போட்டாள், கங்கில் போடுவதுபோல. வடிந்த சாறு அடிக்கம்பியில் சொட்டிப் புகைந்தது. கூரையிலிருந்த புகைமணி அலறியது. நான் நாற்காலிமேல் ஏறித் துணியால் விசிற, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட, அக்கா சன்னலைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். அந்த இருமல் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. புகை இல்லாமல்தான் இதைச் செய்ய வேண்டும் என்று அதற்கு மேல் யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையில் புகைச்சுவை பாட்டிலில் கிடைக்கிறது, நாலு சொட்டு விட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "என் நெஞ்சுக்குள்ள இருக்கறது போதும்" என்றாள்.

கூடாரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரொட்டிச் சட்டிக்கு அடியில் கங்கு, மூடிமேலும் கங்கு. அப்படியென்றால் அவனின் அடித்தட்டில் கனமான இரும்புக் கல்லைப் போட்டு, சட்டியையும் மூடியையும் வெறுமையாக முக்கால் மணி நேரம் காயவிட வேண்டும்; மாவைப் பிறகு உள்ளே விட வேண்டும். கிழங்கைச் சாம்பலில் புதைக்கிறாள். சாம்பலுக்குப் பதில் கல்லுப்பு: ஆழமான தட்டில் உப்பைக் கொட்டிச் சூடேற்றி, அதற்குள் புதைக்கலாம். வெங்காயத்துக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, மேல்கம்பிக்கு நேர் அடியில் நிறுத்தினால் சாறு சொட்டாது, தோல் கருகும். இவ்வளவும் சரியாகவே யோசித்திருந்தோம். மிச்சம் சூடு மட்டும்தான்.

அவளைக் கதவைத் திறக்க விட்டால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. அவள் எண்ணிக்கையை டயலின் எண்ணாக மாற்றிவிட்டால் திறக்கவே தேவையில்லை. அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணிலும் அவனை இருபது நிமிடம் காயவிட்டு, கதவை ஒரே ஒரு தடவை திறந்து, இரும்புக் கல்லுக்கு ஒரு சாண் மேலே என் கையைப் பிடித்து, அவள் வேகத்திலேயே எண்ணினேன். இருநூற்றைம்பதில் ரெண்டு. நூற்றெண்பதில் நாலு. நூற்றைம்பதில் ஏழு. ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, மார்க்கரால் எழுதி, குளிர்பெட்டியில் ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நூற்றெண்பதில் வைத்த ரொட்டி வெளுத்து, நடுவில் குழிந்து, உள்ளே பசையாக வந்தது. நூற்றைம்பதில் உப்பில் புதைத்த கிழங்கை இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் கதவு ஆடாமல் முட்டுக் கொடுக்கலாம். கோழி மட்டும் பரவாயில்லை, ஆனால் தோல் நனைந்த காகிதம்போல இருந்தது.

"அவன் பொய் சொல்றான்" என்றாள் அக்கா.

கீழ்வீட்டுக்காரரிடம் வெப்பமானி இரவல் வாங்கி உள்ளே வைத்தேன். நூற்றெண்பது என்றால் நூற்றெண்பதே காட்டியது. அவன் பொய் சொல்லவில்லை. அட்டவணை நான் போட்டது, அதுவும் தப்பில்லை. மிச்சம் இருந்தது மாவு.

"மாவுலதான் ஏதோ கோளாறு" என்றேன்.

"பன்னெண்டு வருஷமா இதே மாவுதான்."

"அங்க பதினாலு பேரும் மலையேறி எறங்கி பசியோட வருவாங்க. அந்தப் பசிக்கு அட்டையக் குடுத்தாலும் தின்னுருப்பாங்க."

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றைக்கும் மறுநாள் காலையும் என்னோடு பேசவில்லை. சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்கும் வாய் வரவில்லை. ஆனாலும் மறுநாள் பத்து மணிக்கு மாவைப் பிசைந்து மூடி வைத்திருந்தாள். நானும் கல்லைக் காயவைத்தேன். பேச்சுவார்த்தை இல்லாமலே இரண்டு ரொட்டியைப் பாழாக்கினோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் உப்புத் தட்டைக் கிளறிக் கிழங்கு ஒன்றை விரலாலேயே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புடி. நீயே நசுக்கிப் பாரு" என்று என் கையில் வைத்தாள்.

கத்திக்கொண்டு கீழே போட்டேன். கிழங்கு உருண்டு குளிர்பெட்டிக்கு அடியில் போயிற்று.

"என்னடா, பூவக் குடுத்தாக்கூட கைய ஒதறுவ போல" என்றாள்.

குழாயில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் இரண்டாவது கிழங்கை எடுத்து, பேசிக்கொண்டே உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"காட்டுக்கா."

செருப்பின் அடிப்பாகம்போல இருந்தது. மஞ்சளாக, ரேகையெல்லாம் மழுங்கி, விரல் நுனிகளில் பளபளப்பாக. நகத்தால் கிள்ளினேன். "கிள்றியா என்ன?" என்று பார்த்துவிட்டுக் கேட்டாள். பார்க்காமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவனை நூற்றெண்பதில் வைத்தோம். இருபது நிமிடம். கதவைத் திறந்து, இரண்டு பேரும் கையைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். "ஒரு கங்கு, ரெண்டு கங்கு..." நாலில் நான் எடுத்துவிட்டேன். அவள் எண்ணிக்கொண்டே போனாள். ஏழு. எட்டு. ஒன்பதில் எடுத்தாள். முதல் நாள் எண்ணிய அதே ஒன்பது.

கதவைச் சாத்தினாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஐயோ, அந்த டிரைவர்" என்றாள்.

"எந்த டிரைவர்?"

"எங்க வண்டி டிரைவர்டா. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன்ல. ஒரு வாரம் அவன்தான் சமையல். நாலு எண்ணி ரொட்டி போடுன்னு சொன்னேன். அத்தன பேருக்கும் பச்ச மாவு. 'நாலுதான் எண்ணினேன்க்கா, சத்தியமா'ன்னு அழாத கொறையா சொன்னான். எண்ணக்கூட வக்கில்லாதவன்னு எல்லார் முன்னாடியும் வச்சு திட்டினேன். பாவி, அவன் சரியாத்தான் எண்ணியிருக்கான்."

அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் கையை வைத்து மறுபடி எழுதினோம். ஏழு என்றால் இருநூறு. நாலு என்றால் இருநூற்றைம்பது, டயலின் கடைசி எண். ரெண்டுக்கு டயலில் எண்ணே இல்லை. மேல்கம்பி சிவக்க வேண்டும். மாவில் ஒரு கோளாறும் இல்லை. அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

புதன்கிழமை ரொட்டி எழும்பியது. மூடியைத் தூக்கியபோது மேலே வெடித்து, பழுப்பேறி, அடியில் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டுகிற சத்தம். உப்பிலிருந்து எடுத்த கிழங்கின் தோல் சுருங்கி, உள்ளே மாவாக உதிர்ந்தது. நின்றுகொண்டே தின்றோம்.

அதற்கு அப்புறமும் ஒரு பாடு இருந்தது. அவளால் திறக்காமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் கங்கை ஒதுக்கி, கூட்டி, ஊதி, நகர்த்திப் பழகிய ஆள். கதவைச் சாத்திவிட்டு முப்பத்தைந்து நிமிடம் சும்மா இருப்பதென்றால் அவளுக்கு ஜெயில். கைப்பிடியைத் துணிக்கயிற்றால் கட்டினேன். முடிச்சை அவிழ்த்தாள். கடைசியில் அவனுக்கு எதிரே முக்காலியைப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வியாழக்கிழமை முழுக்க அப்படி உட்கார்ந்து ஐந்து ரொட்டி எடுத்தாள். ஐந்தும் சரியாக வந்தன.

வெள்ளிக்கிழமை காலை அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனோம். இரும்புக் கல்லையும் இரண்டு சட்டியையும் நான் தூக்கினேன். மேலாளர் அம்மா சமையலறையைத் திறந்துவிட்டார். சுத்தமான இடம். சுவரோரம் தோள் உயரத்துக்கு ஒரு பெரிய அவன், உள்ளே விசிறியோடு. டயலைப் பார்த்தேன். துடைத்துத் துடைத்து எண்கள் அழிந்துபோயிருந்தன. வட்டமான வெள்ளித் திருகு, அவ்வளவுதான்.

"இதுல எண் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ போயிருச்சு. முன்னாடி இருந்தவங்க குத்துமதிப்பா வைப்பாங்க" என்றார்.

பையில் இருந்த அட்டை அந்த நிமிடமே குப்பை. அக்கா என்னைப் பார்த்தாள், திருகைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

கல்லை உள்ளே தள்ளி, திருகை முக்கால்வாசி திருப்பினாள். சட்டிகளைக் காயவைத்துவிட்டு மாவு பிசைந்தாள். முக்கால் மணி கழித்துக் கதவைத் திறந்து கையை விட்டாள்.

"அம்மா, கைய சுட்டுக்கப் போறீங்க!" என்று மேலாளர் அம்மா ஓடி வந்தார்.

"...நாலு கங்கு, அஞ்சு கங்கு, ஆறு கங்கு." எடுத்தாள். கதவைச் சாத்தினாள். திருகை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். கால் மணி கழித்து மறுபடி. மூன்றிலேயே எடுத்துவிட்டாள். "இவன் முன்கோபி" என்றாள். விசிறிக் காற்று வேலையைக் காட்டியது. திருகை ஒரு மயிரிழை பின்னால் இழுத்தாள். மூன்றாவது தடவை, "ஒரு கங்கு, ரெண்டு கங்கு, மூணு கங்கு, நாலு." ஐந்தைச் சொல்ல வாயைத் திறக்கும்போதே கை வெளியே வந்துவிட்டது. மாவைச் சட்டிகளில் இறக்கி, உப்புத் தட்டைச் சூடு கம்மியாக இருக்கிற கீழ் மூலையில் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

முக்காலி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இருபது நிமிடம் ஆனது. மேலாளர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவ பாத்துரலாமே" என்று கைப்பிடியில் கை வைத்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொறக்காதீங்க மேடம். தொறந்தா கெட்டுரும்."

"உள்ள கருகிச்சுன்னா?"

"கருகாது."

"எப்படி சொல்றீங்க?"

"நாலு எண்ணினேன்ல?"

மேலாளர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையை எடுத்துக்கொண்டார்.

ரொட்டி வெளியே வந்த பிறகு மேல்கம்பியைச் சிவக்க விட்டு, கோழியையும் வெங்காயத்தையும் அதற்கு அடியில் நிறுத்தினாள். ஒரு மணிக்குக் குழு வந்தது. பதினாலு பேரும் நீளமேசையில் உட்கார்ந்தார்கள். தலைமை அளவைக்காரர் ரொட்டியைப் பிய்த்து, மெதுவாக மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அம்மா சுவரோரம் நின்றார்.

"ஒண்ணு கொறையுதே, கங்கு" என்றார் அளவைக்காரர்.

அக்கா முகத்தில் அசைவே இல்லை. "என்ன கொறையுது?"

"பல்லுல மண்ணு நறநறங்கல."

மேசையே சிரித்தது. அதற்குள் டிரைவர் கோழியில் பாதியை முடித்திருந்தான். "பொகை வாசன இல்லக்கா. வேற ஆளு சமைச்ச மாதிரி இருக்கு" என்றான். யாரும் மறுக்கவில்லை. அக்காவும் மறுக்கவில்லை. சொல்லிவிட்டு அவன் மூன்றாவது துண்டு ரொட்டிக்குக் கையை நீட்டினான்.

மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. உப்பிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் பிளந்து தின்றார். போய்க் கையைத் துடைத்தார். திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"திங்கட்கிழம ஏழு மணிக்கு வந்து சாவி வாங்கிக்கோங்க" என்றார் அக்காவிடம். "ஆனா கைய உள்ள விடறது மட்டும் வேணாம். எண் போட்ட புது திருகு மாட்டச் சொல்றேன்."

"மாட்டுங்க மேடம்" என்றாள் அக்கா. மாட்டினாலும் கையை விடுவாள் என்பது அந்தப் பணிவிலேயே தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் அவள் டிரைவரை வாசலுக்குக் கூப்பிட்டாள். இந்தப் பருவத்தில் புது ஆள் கிடைக்கிறவரை அவன்தான் சமைக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கங்கு வாரும் கரண்டியை அவனிடம் நீட்டினாள். பன்னிரண்டு வருடத்துக் கரண்டி. பிடியில் துணி சுற்றியிருந்தது.

"உன் கையக் காட்டு."

காட்டினான். ஸ்டியரிங் பிடித்த கை. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பஞ்சு" என்றாள். "கேட்டுக்கோ. எனக்கு நாலுன்னா உனக்கு ரெண்டு. ரொட்டிக்கு ரெண்டு எண்ணு."

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப அன்னைக்கு என் மேல தப்பில்ல."

"உன் மேல தப்பில்ல. உன் கை மேலதான் தப்பு."

"எல்லார் முன்னாடியும் வச்சு திட்டினீங்களேக்கா?"

அக்கா மேசைப் பக்கம் திரும்பி, உள்ளே எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "டேய், இவனுக்கு நல்லாவே எண்ண வரும்! தப்பு என்னோடது!" அந்தக் கத்தலில் இருமல் வந்துவிட்டது. முடிந்ததும் என் பையிலிருந்து அட்டையை உருவினாள். பழைய கணக்கையெல்லாம் குறுக்கே அடித்துவிட்டு, மூலையில் எழுதி அவனிடம் கொடுத்தாள்: கங்கு 4, டிரைவர் 2.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. வழியனுப்ப நான் மட்டும்தான் நின்றேன். அவள் ஏழு மணிக்கே சாவி வாங்கப் போயிருந்தாள்.